கோர்ட்டில் ஜெயிப்பது தெய்வமா? கேள்வியா?

(பகுத்தறிவாளர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



பெரிய வழக்குகளில் வக்கீல்கள் எப்படி வாதாடி ஜெயிக்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேசும்படி எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நான் சட்டம் படித்தவனல்ல. வக்கீல் குமாஸ்தாவாகக்கூட இருந்தவனல்ல. ஆனால் நடந்து முடிந்த வழக்குகளின் விசாரணை நடவடிக்கைகளைத் தேடிப் படிப்பதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. சிலர் துப்பறியும் கதை படிக்கிறார்கள். நான் சாக்ஷிகள் சொன்னதைப் படிக்கிறேன். இரண்டில் எதில் புளுகு அதிகம் என்பது மட்டும் எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. (சிரிப்பு)

நம் மக்களிடம் போய், ஒரு வழக்கை ஜெயிப்பது எது என்று கேட்டுப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர், "எல்லாம் அவன் செயல்" என்பார்கள். வாதி ஒரு கோவிலில் காசு வெட்டிப் போடுகிறான். பிரதிவாதி அதே கோவிலுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை போய் அவனும் காசு வெட்டிப் போடுகிறான். தெய்வம் இரண்டு பேரிடமும் வாங்கிக் கொள்ளுகிறது. இப்படி இரண்டு கக்ஷிக்காரரிடமும் பீஸ் வாங்கிய வக்கீலுக்குச் சன்னது போய்விடும். தெய்வத்துக்கு ஒன்றும் போவதில்லை! என் தகப்பனார் ஒரு வரப்புத் தகராறுக்காக ஆறு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஜோசியரைக் கேட்டு நல்ல நேரம் பார்த்துத்தான் புறப்படுவார். ஆனால் அந்த நிலத்தை ஒரு நாளாவது சர்வேயரைக் கூட்டி வந்து அளந்து பார்த்தாரா என்றால் இல்லை. எதிர்க்கக்ஷிக்காரர் அளந்து பார்த்தார். அவர் ஜெயித்தார். அவர் நல்ல நேரம் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. சங்கிலி பிடித்து அளந்தார் என்பது மட்டும் தெரியும்.

பஞ்சாங்கத்தைப் பற்றி இந்த மேடையில் நான் எவ்வளவோ இழிவாகப் பேசியிருக்கிறேன். இன்றைக்கு நியாயமாக ஒரு சங்கதியை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு தடவை ஒரு பஞ்சாங்கம் ஒரு மனிதனின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அமெரிக்காவில் ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதியாவதற்கு முன் வக்கீலாக இருந்த காலம். 1858-ம் வருஷம் மே மாதம், இல்லினாய் மாகாணத்தில் பேர்ட்ஸ்டவுன் என்ற சிறிய ஊரில், டஃப் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற வாலிபன் மீது கொலை வழக்கு. லிங்கன் ஏழையாயிருந்த நாளில் சோறு போட்ட வீட்டுப் பிள்ளை அவன். தகப்பன் செத்துப் போனான், தாய் விதவை. லிங்கன் பீஸ் வாங்காமல் ஆஜரானார்.

முக்கியமான சாக்ஷி ஒருவன், ராத்திரி பதினொரு மணி சுமாருக்கு, நூற்றைம்பது அடி தூரத்திலிருந்து, இந்த வாலிபன் அடித்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னான். லிங்கன் அவனைப் பொய்யன் என்று அதட்டவில்லை. அவ்வளவு தூரத்தில் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். நிலா வெளிச்சம் என்றான். நிலா எங்கே இருந்தது என்றார். உச்சிக்குச் சமீபத்தில் என்றான். இதையே திருப்பித் திருப்பிப் பல தடவை சொல்லும்படி செய்தார். அவன் ஒவ்வொரு தடவையும் முன்னிலும் உறுதியாகச் சொன்னான். பிறகுதான் லிங்கன் பஞ்சாங்கத்தை எடுத்தார். 1857 ஆகஸ்டு 29-ந் தேதி இரவு, அவன் சொன்ன நேரத்தில் நிலா அடிவானத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது; நடுராத்திரியைத் தாண்டியவுடனே மறைந்துவிட்டது. வாலிபன் விடுதலையானான். லிங்கன் போலிப் பஞ்சாங்கம் அச்சடித்துக்கொண்டு வந்தார் என்று பிற்பாடு சிலர் கதை கட்டினார்கள். வானநூல் தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, நிலா பஞ்சாங்கம் சொன்ன இடத்தில்தான் இருந்தது என்று சொல்லிவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது பஞ்சாங்கமல்ல, வரிசை. பஞ்சாங்கத்தை முதலிலேயே காட்டியிருந்தால் சாக்ஷி, "நிலா இல்லாவிட்டால் நட்சத்திர வெளிச்சம்" என்று நழுவியிருப்பான். வெளியே போகும் எல்லாக் கதவையும் அவன் கையாலேயே சாத்தச் செய்துவிட்டு, அதன் பிறகு விளக்கை ஏற்றினார். குறுக்கு விசாரணை என்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். மேஜையைத் தட்டிக் கத்துகிறவர்களைத்தான் நாம் பெரிய வக்கீல் என்கிறோம். சினிமா பார்த்துக் கெட்டோம்!

ஆனால் லிங்கனுடைய வழக்கு சுலபமான வழக்கு. பொய் ஒருவன் வாயில் இருந்தது. மெய் புத்தகத்தில் இருந்தது. ஊரே ஒன்றுகூடிப் பொய் சொன்னால் என்ன செய்வது? தீர்ப்புச் சொல்லப் போகிறவர்களும் அந்த ஊர்க்காரர்களாகவே, அந்த ஜாதிக்காரர்களாகவே இருந்தால் என்ன செய்வது? அப்படிப்பட்ட வழக்கு ஒன்றைத்தான் இன்று விஸ்தாரமாகச் சொல்ல வந்தேன்.

அமெரிக்காவில் மோட்டார் கார் தொழிலுக்குப் பேர்போன பட்டணம் டெட்ராய்ட். 1910-ம் வருஷத்தில் அங்கே கறுப்பர்கள் சுமார் 6,000 பேர். 1925-ல் அது 80,000-க்குச் சமீபமாகிவிட்டது. தென் மாகாணங்களின் கொடுமைக்குத் தப்பி வேலை தேடி வந்தவர்கள். இவ்வளவு பேரும் பழைய சேரியிலேயே நெருக்கியடித்துக் கிடக்கவேண்டும் என்பது வெள்ளைக்காரர்களின் எழுதாத சட்டம். டாக்டர் ஆஸியன் ஸ்வீட் என்ற கறுப்பர், ஹோட்டலில் எடுபிடி வேலை செய்தும் எச்சில் தட்டு எடுத்தும் படித்து டாக்டரானவர்; வியன்னாவுக்கும் பாரிசுக்கும் போய் மேற்கொண்டு படித்து வந்தவர். அவர் வெள்ளைக்காரர் வசிக்கும் கார்லண்ட் வீதியில் 18,500 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். செய்த குற்றம் அவ்வளவுதான்.

உடனே அந்தப் பேட்டைக்காரர்கள் "அபிவிருத்திச் சங்கம்" என்று ஒன்று ஏற்படுத்தினார்கள். பெயரைப் பாருங்கள்! நம் ஊரிலும் இப்படிப்பட்ட காரியத்துக்கு ஏற்படும் சங்கங்களுக்கு இப்படித்தான் அழகான பெயர் இருக்கும். அதே கோடைகாலத்தில் வேறு வீதிகளில் வீடு வாங்கிய கறுப்பர்களைக் கூட்டம் கூடி விரட்டியிருந்தார்கள். அவர்களில் ஒருவரும் டாக்டர்தான். அந்த ஊரில் கு க்ளக்ஸ் க்ளான் என்ற முகமூடிக் கூட்டத்தின் ஆதரவு பெற்ற ஆசாமி மேயர் பதவியைப் பிடித்துவிடும் அளவுக்குச் செல்வாக்கு அப்போது இருந்தது.

டாக்டரும் அவர் மனைவி கிளாடிசும் 1925 செப்டம்பர் 8-ந் தேதி குடிபோனார்கள். குழந்தையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுத் தம்பிமாரையும் சினேகிதர்களையும் துணைக்கு அழைத்துக்கொண்டார்கள். துப்பாக்கிகளும் கொண்டு போனார்கள். மறுநாள் இரவு கூட்டம் பெருகிற்று. கல் வீச்சு ஆரம்பித்தது, ஜன்னல் உடைந்தது. போலீஸ்காரர்கள் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள்ளிருந்து சுட்டார்கள். லியான் பிரைனர் என்ற வெள்ளைக்காரர் செத்தார். ஒருவருக்குக் காலில் காயம். வீட்டுக்குள்ளிருந்த 11 பேர் மீதும், கிளாடிஸ் உட்பட, கொலைக் குற்றம் சாட்டினார்கள். எவருடைய குண்டு பட்டுச் செத்தார் என்று சர்க்கார் தரப்பால் காட்ட முடியவில்லை. ஆகையால் எல்லோரும் கூடிச் சதி செய்தார்கள் என்று வழக்கை ஜோடித்தார்கள்.

முதலில் ஆஜரானவர்கள் டெட்ராய்டிலிருந்த கறுப்பு வக்கீல்கள். கெட்டிக்காரர்கள்தான். ஆனால் பன்னிரண்டு வெள்ளைக்கார ஜூரர்களின் காதில் கறுப்பு வக்கீலின் நியாயம் ஏறாது என்று பயந்து, கறுப்பர்களின் சங்கமே பேர்போன வெள்ளைக்கார வக்கீலைத் தேடிப் போயிற்று. தோழர்களே, இதைச் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். ஒருவன் தனக்கு நடந்த அநியாயத்தைத் தன் வாயால் சொன்னால் எடுபடாது, அநியாயம் செய்தவனுடைய ஜாதிக்காரன் வாயால் சொன்னால்தான் எடுபடும் என்ற நிலைமை இருக்கிறதே, அது தோல்வியைவிடக் கேவலமானது. ஆயினும் தலைக்குமேல் வெள்ளம் வந்திருக்கும்போது, ஓடத்தை யார் ஓட்டுகிறார் என்று பார்க்க முடியாது.

அப்படி வந்தவர்தான் கிளாரன்ஸ் டாரோ. உங்களில் பலர் அவர் பேரைக் கேட்டிருப்பீர்கள். நம்மைப் போலக் கடவுளை ஒப்புக்கொள்ளாதவர். அதே 1925-ம் வருஷம் ஜூலை மாதம், மனிதன் கீழ்ப்பிராணியிலிருந்து உண்டானான் என்று பாடம் சொன்னதற்காக டென்னஸீ மாகாணத்தில் ஓர் உபாத்தியாயர் மேல் வழக்குப் போட்டபோது, எதிர்த்தரப்பின் பெரிய பக்தரான பிரையனையே கூண்டில் ஏற்றி, யோனாவை மீன் விழுங்கியதெப்படி, சூரியன் நின்றதெப்படி என்று கேட்டுச் சந்தி சிரிக்க வைத்தவர். அந்த வழக்கில் உபாத்தியாயருக்கு 100 டாலர் அபராதம் விழுந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூட்டத்தில் ஜெயிப்பது வேறு. கோர்ட்டில் ஜெயிப்பது வேறு. டாரோ மகாத்மா என்றும் நான் சொல்ல வரவில்லை. 1912-ல் ஜூரருக்கு லஞ்சம் கொடுத்ததாக அவர் மேலேயே வழக்கு வந்தது. ஒரு வழக்கில் விடுதலை. மற்றொன்றில் ஜூரர்கள் ஒத்துப்போகவில்லை. மனிதர்களைத் தெய்வமாக்கும் வேலை நமக்கு வேண்டாம்.

விசாரணை ஆரம்பித்தபோது அவருக்கு வயது 68. ஜட்ஜ் பிராங்க் மர்பி என்பவர். ஜூரர்கள் பன்னிரண்டு பேரும் வெள்ளைக்கார ஆண்கள். நம் நாட்டில் ஜூரி முறை போய்விட்டதால் இளைஞர்களுக்கு இது விளங்காமலிருக்கலாம். சட்டம் படிக்காத ஊர்ஜனங்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து கேட்டு, குற்றவாளியா இல்லையா என்று ஏகமனதாகச் சொல்ல வேண்டும். அவர்களைப் பொறுக்கும்போது இரு தரப்பாரும் கேள்வி கேட்கலாம். டாரோ அங்கேயே ஆரம்பித்துவிட்டார். க்ளானில் சேர்ந்தவரா, கறுப்பரோடு பழகியதுண்டா என்று கிளறிக் கிளறிக் கேட்டார். துவேஷமே இல்லாத பன்னிரண்டு பேர் அந்த ஊரில் கிடைப்பார்கள் என்று அவர் நம்பவில்லை. தன் துவேஷத்தை உணருகிறவனாவது கிடைப்பானா என்று தேடினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

சர்க்கார் வக்கீல் ராபர்ட் டாம்ஸ் எழுபது பேருக்குச் சமீபமாகச் சாக்ஷிகளை ஏற்றினார். எல்லோருக்கும் ஒரே பாட்டு: அங்கே கூட்டமே இல்லை, சிலர் நின்றார்கள், கல் வீச்சைப் பார்க்கவில்லை, சும்மா இருந்தபோது சுட்டார்கள். போலீஸ் அதிகாரிகளும் அதையே பாடினார்கள். டாரோ என்ன செய்தார்? ஒவ்வொருவரையும், நீ அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய் என்று கேட்டார். வேடிக்கை பார்க்க என்றார்கள். எதை வேடிக்கை பார்க்க என்றார். பதில் இல்லை. அபிவிருத்திச் சங்கத்தில் நீ அங்கத்தினனா? ஆம். அந்தச் சங்கம் எதற்காக ஏற்பட்டது? ஒருவன் வீதியைச் சுத்தமாக வைக்க என்றான். ஒருவன் சொத்தின் மதிப்பு இறங்காமலிருக்க என்றான். விடாமல் கேட்கக் கேட்க, கறுப்பரை வரவிடாமலிருக்க என்று கடைசியில் ஒருவர் பின் ஒருவராக ஒப்புக்கொண்டார்கள். கூட்டமே இல்லை என்று சாக்ஷி சொல்ல வந்தவர்களை மட்டும் எண்ணினாலே ஒரு கூட்டம் தேறிற்று!

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஓர் இளைஞனின் சாக்ஷியம். பையன் வாய் தவறி, பெரிய கூட்டம் இருந்தது என்று ஆரம்பித்துவிட்டான். உடனே நினைவு வந்து, பெரிய கூட்டம் என்று சொல்ல மாட்டேன், நிறையப் பேர், இல்லை, சில பேர் என்று இறங்கிக்கொண்டே வந்தான். டாரோ அவனைப் பிறகு கூண்டில் நிதானமாகப் பிடித்தார். இதைப்பற்றி யாரோடாவது பேசினாயா என்றார். ஒரு போலீஸ் அதிகாரியோடு பேசினேன் என்றான். பதில் சொல்ல ஆரம்பித்தபோது, "சில பேர்" என்று சொல்ல மறந்துவிட்டாய், இல்லையா என்றார். ஆமாம் ஐயா என்றான்! பையன் யோக்கியன். சொல்லிக் கொடுத்த பொய்யை மறந்தது மட்டுமல்ல. மறந்தேன் என்பதையும் ஒப்புக்கொண்டான்.

இன்னொரு சாக்ஷி பள்ளிக்கூட உபாத்தியாயினி. அந்தப் பேட்டையில் ஒரு வீதிக்கு ஜெர்மன் தேசத்து மகாகவி கெதேயின் பெயர். பல வருஷமாக அங்கே குடியிருந்த அந்த அம்மாளுக்கு அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியவில்லை. வியன்னாவில் படித்து வந்த டாக்டர் பக்கத்தில் குடிவந்தால் தங்கள் நாகரிகம் கெட்டுவிடும் என்று பயந்த கூட்டம் இது! டாரோ இதைக் குறித்து வைத்துக்கொண்டு, பின்னால் ஜூரர்களுக்கு எடுத்துக் காட்டினார்.

எதிர்வாதத்தின் முறை வந்தபோது, ஒரு பத்திரிகை நிருபர், வெள்ளைக்காரர், நானூறு ஐநூறு பேர் கூடியிருந்தார்கள், கல் விழும் சத்தம் கேட்டேன் என்று தைரியமாகச் சொன்னார். அதன் பிறகு டாக்டர் ஸ்வீட்டே கூண்டில் ஏறினார். இங்கேதான் வழக்கின் முடிச்சு இருக்கிறது. தற்காப்புக்காகச் சுட்டேன் என்றால், உண்மையில் ஆபத்து எவ்வளவு இருந்தது என்பது மட்டுமல்ல கேள்வி. அந்த நேரத்தில், அந்த மனிதனுக்கு, நியாயமாகவே பயம் உண்டாகக் காரணம் இருந்ததா என்பதும் கேள்வி. அப்படியானால் அந்த மனிதனின் மனதில் என்ன இருந்தது என்பதைக் கோர்ட்டு கேட்டாக வேண்டும். டாக்டர் சொன்னார்: சிறு பையனாக ஃபுளோரிடாவில் ஒரு கறுப்பனைக் கூட்டம் எரித்ததைப் பற்றி, 1919-ல் வாஷிங்டனில் தாம் படிக்கும்போது கண்ட கலவரத்தைப் பற்றி, அதே வருஷம் அர்க்கன்ஸா மாகாணத்தில் நான்கு சகோதரர்களை ரயிலிலிருந்து இறக்கிக் கொன்றதைப் பற்றி. இதெல்லாம் இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று சர்க்கார் தரப்பு ஆட்சேபித்தது. ஜட்ஜ் மர்பி, சம்பந்தம் உண்டு, சொல்லட்டும் என்று அனுமதித்தார். கதவைத் திறந்து கூட்டத்தைப் பார்த்தபோது, தன் இனத்தாரைச் சரித்திரம் முழுவதும் துரத்தி வந்த அதே கூட்டத்தைப் பார்த்ததாக அவர் சொன்னார்.

தோழர்களே, ஒரு வழக்கை ஜெயிப்பது என்பதற்கு நான் கண்ட அர்த்தம் இங்கேதான் இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் "நியாயமான பயம்" என்று இரண்டு வார்த்தை கிடக்கிறது. யாருக்கு நியாயமான பயம்? மெத்தையில் படுத்துக்கொண்டு கதவைத் திறந்து வைத்துத் தூங்கும் மனிதனுக்கா? தலைமுறை தலைமுறையாக அடிபட்டவனுக்கா? தீர்ப்புச் சொல்லுகிறவனைத் தூக்கிக்கொண்டு போய், உடைந்த ஜன்னலுக்கு உட்புறத்தில் நிறுத்த வேண்டும். அது வரையில் அவன் தெருவில் நின்றுதான் வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த இடமாற்றத்தைச் செய்ய முடிந்த வக்கீல் ஜெயிக்கிறான்.

முதல் தடவை டாரோவால் அதைப் பாதிதான் செய்ய முடிந்தது. ஜூரர்கள் 46 மணி நேரம் அறைக்குள் சண்டை போட்டார்கள். கூச்சல் வெளியே கேட்டதாம். ஒத்துப்போகாததால், நவம்பர் 27-ந் தேதி ஜட்ஜ் அவர்களைக் கலைத்துவிட்டார். அதே 1925 நவம்பர் மாதத்தில்தான் இங்கே வைக்கத்தில் கோவிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கான போராட்டம் முடிவடைந்ததும், காஞ்சிபுரம் மகாநாட்டில் வகுப்புவாரித் தீர்மானத்துக்கு இடமில்லை என்றபோது பெரியார் வெளியேறியதும் நடந்தது. அங்கே குடியிருக்கத் தடை. இங்கே நடக்கத் தடை. ஒருவரையொருவர் கேள்விப்பட்டிராத ஜனங்கள்!

இரண்டாம் தடவை, ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்று எதிர்வாதத் தரப்பார் கேட்டார்கள். சர்க்கார் தரப்பார், சுட்டதை ஒப்புக்கொண்டிருந்த தம்பி ஹென்றி ஸ்வீட்டை முதலில் நிறுத்தினார்கள். காலேஜ் மாணவன், 21 வயது. அதுதான் அவர்களுக்குப் பலமான வழக்கு. டாரோவோடு தாமஸ் சாக் என்ற உள்ளூர் வக்கீல் சேர்ந்துகொண்டார். முதல் விசாரணையில் சாக்ஷிகள் சொன்னது முழுவதும் இப்போது கையில் எழுத்தில் இருந்தது. அதைப் படித்து, முன்னுக்குப் பின் முரணான ஒவ்வொன்றையும் பிடித்தார்கள். பிரசங்கம் காதுக்கு இனிமைதான். அதற்கு முன்னால் விளக்கு வைத்துப் படிக்கும் வேலை இருக்கிறதே, அதை யாரும் பாராட்டுவதில்லை.

1926 மே 11-ந் தேதி டாரோ முடிவுரை சொன்னார். சுமார் ஏழு மணி நேரம்! சட்டத்தைப் பற்றிச் சொன்னது கொஞ்சம். துவேஷத்தைப் பற்றிச் சொன்னதே அதிகம். அவர் சொன்னதன் கருத்தை என் வார்த்தையில் சொல்லுகிறேன். உங்களுக்குத் துவேஷம் இல்லை என்று நான் முகஸ்துதி செய்யப் போவதில்லை. உங்கள் எல்லோருக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கும். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள், பதினோரு வெள்ளைக்காரர்கள் தங்கள் வீட்டைக் கறுப்புக் கூட்டத்திடமிருந்து காப்பாற்றச் சுட்டிருந்தால் அவர்கள் மீது எவனாவது வழக்குப் போட்டிருப்பானா? மெடல் அல்லவா குத்தியிருப்பார்கள்! இதுதான் சாரம். முகத்துக்கு நேரே ஒருவனை "நீ துவேஷி" என்று சொல்லி, அவனிடமே நியாயமும் கேட்பது லேசான காரியமல்ல. திட்டுவதாக இருந்தால் யாரும் செய்யலாம். அவர் தன்னையும் சேர்த்துச் சொன்னதால் அவர்கள் கேட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, நான்கு மணி நேரத்துக்குள்ளாக ஜூரர்கள் திரும்பி வந்து, குற்றவாளி அல்ல என்றார்கள். மற்றவர்கள் பேரிலிருந்த வழக்கைச் சர்க்கார் 1927-ல் கைவிட்டது. ஜட்ஜ் மர்பி பிற்காலத்தில் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜானார். 1944-ல் ஜப்பானிய இனத்தாரை ஊரைவிட்டு அப்புறப்படுத்தியதை அந்தக் கோர்ட்டில் பெரும்பான்மையோர் சரியென்றபோது, அது இனத்துவேஷம் என்று எதிர்த் தீர்ப்பு எழுதியவர்களில் அவர் ஒருவர்.

ஜெயித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். கிளாடிசுக்குக் க்ஷயரோகம் கண்டது. சிறையில் தொற்றியது என்றே குடும்பத்தார் நம்பினார்கள். அவர்களுடைய பெண் குழந்தை இரண்டு வயதில் 1926-ல் இறந்தது. கிளாடிஸ் 1928-ல் இறந்தார். ஹென்றி படித்து வக்கீலாகி, அவரும் க்ஷயத்தால் 1940-ல் இறந்தார். டாக்டர் ஸ்வீட், மனைவி செத்த பிறகு, அதே கார்லண்ட் வீதி வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பல வருஷம் குடியிருந்தார். 1960-ல் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். வீடு இன்றும் நிற்கிறது.

நான் பேச வேண்டியது ஆகிவிட்டது. கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் தாராளமாகக் கேட்கலாம். எழுந்து கேட்கக் கூச்சமாயிருந்தால் சீட்டில் எழுதித் தலைவரிடம் அனுப்புங்கள்.